கேட் புத்தகத்து நட்சத்திரங்கள்

கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்தவனுக்கு லோரி நம்பர், பெட்டி நம்பர், சீல் நம்பர் என்று எழுதி எழுதியே விடிந்துவிடும். கம்ப்யூட்டர் வந்தும் கேட் புத்தகம் இன்னும் கையால்தான். ராத்திரி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாததா? லோரி வராத நேரத்துக்கு ஆளாளுக்கு ஒரு கிறுக்கு வேண்டும். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்ட எனக்கு வாய்த்தது ஒரு பழைய கையெழுத்துப் புத்தகம். மத்திய கால ஐரோப்பாவில் யாரோ எழுதிவைத்தது. இன்றுவரை ஒருத்தராலும் படிக்க முடியவில்லை. இணையத்திலிருந்து பக்கங்களைப் பிரின்ட் எடுத்து மேசையில் பரப்பிக்கொள்வேன். போன வருஷம் அதுவே என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

செடி

பாதிப் பக்கங்களில் செடிப் படம். வேர் ஒரு ஜாதி, இலை ஒரு ஜாதி, பூ இன்னொன்று. வேரின் வளைவுகளில் எழுத்து ஒளிந்திருக்கும் என்பது என் கட்சி. ஜெஞ்சாரோமிலிருந்து வரும் டிரைவர் முனியாண்டி அண்ணன் ஃபாரத்தில் கையெழுத்துப் போடவந்தவர், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இவன் செடியே நட்டதில்ல. எங்க ஊரு நர்சரிக்காரன் பார்த்தா அடிக்க வருவான் லா.”

கடைசி எண்

பெட்டி நம்பரில் கடைசி எண் சோதனைக்காக. முன்னால் உள்ளவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த எண் வரவேண்டும். வராவிட்டால் எங்கேயோ தப்பு. அந்தப் புத்தகத்திலும் வரிக் கடைசியில் சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அதுவும் சோதனைதான் என்று எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து எட்டு மாதம் கணக்குப் போட்டேன். முதல் பக்கம் ஒத்துவந்தது. இரண்டாம் பக்கம் வரவில்லை. எண்களை மாற்றினேன். இரண்டாம் பக்கம் வந்தது, முதல் பக்கம் போய்விட்டது.

காலையில் டூட்டி மாற்ற வந்த சரோஜா அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டார்.

“நம்பர நீயே வைப்ப, நீயே மாத்துவ, நீயே பாஸ் போட்டுக்குவ. ஸ்கூல்ல இப்படி விட்டிருந்தா நானும் டாக்டர் லா.”

நட்சத்திரம்

அந்தப் பழைய புத்தகத்தின் பின்பகுதியில் ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு நட்சத்திரம். சிலவற்றுக்கு வால், சிலவற்றுக்கு இல்லை. வாரக்கணக்கில் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்ததில் கை பழகிவிட்டது. கேட் புத்தகத்தின் ஓரத்திலும் போட்டிருக்கிறேன், எனக்கே தெரியாது.

ஒரு பெட்டியில் சரக்கு குறைந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த கவிதா, என் மகள் வயதுப் பெண், என் கேட் புத்தகத்தை விரித்தார். அந்தப் பெட்டியின் வரிக்கு நேராக வால் நட்சத்திரம். யாருக்கு சிக்னல் என்று கேட்டார். பிரின்ட்டை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. வாலுக்கு என்ன அர்த்தம் என்றார். தெரியாது, நானும் அதைத்தான் தேடுகிறேன் என்றேன்.

“சரி அங்கிள், ஒரு வாரம் வேலைக்கு வரவேணாம். இத நான் படிச்சுப் பார்க்கிறேன்.”

ஏழு நாள்

பண்டமாரானில் என் வீட்டில் ஏழு இரவும் தூக்கமில்லாமல் கிடந்தேன். வேலை போனால் இந்த வயதில் எந்த கேட்டில் உட்கார வைப்பார்கள்? எட்டாம் நாள் கவிதா கூப்பிட்டார். நட்சத்திரங்களை லோரி, டிரைவர், கம்பெனி, சீல் என்று எல்லாவற்றோடும் பொருத்திப் பார்த்துவிட்டாராம். எதோடும் ஒட்டவில்லை, நேரத்தைத் தவிர.

“மூணு மணிக்கு மேல வந்த லோரிக்கு மட்டும்தான் வால். உங்களுக்குத் தூக்கம் வந்தா வால் வருது அங்கிள், அவ்வளவுதான். போய் வேலையப் பாருங்க.”

எழுதியவனுக்கே புரியாததை ஏழு நாளில் படித்துவிட்டார். அந்த ஐரோப்பாக்காரனுக்கு இப்படி ஒரு விசாரணை வாய்க்காததால்தான் அவன் இன்னும் மர்மமாகவே இருக்கிறான் போலிருக்கிறது.