ஜம்புவை எழுதாதவர்

பேருந்து நிலையப் புத்தகக் கடையில் கயிற்றில் தொங்கும் 'கொம்பன் காமிக்ஸ்' இதழைக் கழற்றி, பஞ்சாங்கங்களுக்குப் பின்னால் செருகிவிட்டுத்தான் கிருபானந்தம் டவுன் பஸ் ஏறுகிறார். கடைக்காரர் தடுப்பதில்லை. பஸ் கிளம்பியதும் எடுத்து மறுபடி மாட்டிவிடுகிறார். "சாருக்கு அதுல ஒரு திருப்தி. நமக்கு இன்னா போவுது?" என்கிறார்.

கிருபானந்தம் ஐம்பதைத் தாண்டியவர். லாங் பஜாரில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறார். தோல் கம்பெனி லேபிள், கல்யாணப் பத்திரிகை, சபை நோட்டீஸ் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். பிழை ஒன்று அகப்பட்டால் நாக்கைச் சப்புக்கொட்டுவார். இனிப்பு தின்பவர் போல.

எழுபத்து நான்கில் அவர் 'தீச்சுடர்' என்று ஒரு காமிக்ஸ் தொடங்கினார். அதன் நாயகன் ஹென்றி, லண்டன் துப்பறிவாளன். ஓவர்கோட் போட்டுக்கொண்டு பனியில் நடப்பான். படம் போட்ட ஆம்பூர்க்காரர் பனியைக் கண்டவரல்ல. தோல் மண்டியில் கொட்டிக்கிடக்கும் உப்பைப் பார்த்து வரைந்தார்.

அதே வருஷம், இரண்டு தெரு தள்ளி, கோதண்டராமன் 'கொம்பன்' தொடங்கினார். கதை எழுதுவதும் அவரே, ஆசிரியரும் அவரே. அவருடைய ஜம்பு, ஆம்பூரிலிருந்து மெட்ராசுக்குத் தோல் ஏற்றிப் போகும் லாரி டிரைவர். வழியில் கடத்தல்காரர்களைப் பிடிப்பான். பிடித்த கையோடு டீ குடிப்பான். அவ்வளவுதான் கதை. ஹென்றி நாலு வருஷத்தில் படுத்துவிட்டான். ஜம்பு ஓடிக்கொண்டே இருந்தான்.

கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் கோதண்டராமன் சைக்கிளை விட்டு இறங்கி, "வாங்க எடிட்டர்" என்பார். அதில் கிண்டல் கிடையாது. இருந்திருந்தால் கிருபானந்தம் தாங்கியிருப்பார். நிஜமான மரியாதைதான் அவருக்குச் சோற்றை இறங்கவிடாமல் செய்தது. வீட்டிலும் நிம்மதி இல்லை. நர்ஸாக இருக்கும் மனைவி கிரேஸி, 'கொம்பன்' இதழ்களைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து சமையலறையில் படிப்பார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் இவர் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவார்.

போன பங்குனியில் கோதண்டராமன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். பழைய கதைகளையே மறுபடி அச்சடித்து விற்கிறார்கள், அதுவும் விற்கிறது. வாசகர்கள் சேர்ந்து ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஷூ கம்பெனியில் கணக்கு எழுதும் ரஃபி அகமது அழைக்க வந்தார்.

"இந்த ஊர்ல காமிக்ஸ் நடத்தினவரு இப்ப நீங்க ஒருத்தர்தான் சார். அவரு இன்னா செஞ்சிட்டுப் போனாருன்னு நீங்கதான் எடை போட்டுச் சொல்லணும்."

"எடைதானே? போட்டுடலாம்" என்றார் கிருபானந்தம்.

கிரேஸியின் இதழ்களையெல்லாம் கூடத்தில் பரப்பி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்.

"ஏங்க, செத்துப்போன மனுசன் மேல இன்னா கோவம் உங்களுக்கு?"

"கோவம் ஒண்ணும் இல்ல. இருக்கிறத இருக்கிறபடி சொல்லப் போறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புரட்டிய பக்கத்தில் ஜம்புவின் லாரி பிரேக் பிடிக்காமல் மலையிறங்கிக்கொண்டிருந்தது. தேவாலய மணி அடித்தது அவர் காதில் விழவில்லை. ஆராதனை முடிந்து கிரேஸி திரும்பி வந்த பிறகுதான் நிமிர்ந்தார். ஆராதனை தவறியதற்கும் கோதண்டராமனைத்தான் திட்டினார்.

கூட்டத்தில் மாலை போட்ட படத்தின் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தார்.

"ஜம்புவோட லாரி நம்பர் கதைக்குக் கதை மாறுது. எழுதினவரு கவனிக்கல."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து ஒரு நம்பரைச் சொன்னார். இன்னொருவர் அது தீபாவளி மலரில் வந்தது என்றார். மூன்றாமவர் வேறொரு நம்பரைக் கத்தினார். கூடம் சிரித்தது.

"ஒரே வில்லன் மூணு தடவை செத்திருக்கான்."

"நாலு தடவை சார்! பாலாத்துல ஒருவாட்டி உட்டுட்டீங்க!"

கைதட்டல். அவர் ஒரு குறை சொன்னால் அவர்கள் ஒரு கதையைச் சொன்னார்கள். அவர் குரல் உயர உயர அவர்களுக்குக் குஷி ஜாஸ்தியானது. வியர்த்துப்போய்க் கடைசியில் சொன்னார்: "நானும் ஒரு காமிக்ஸ் நடத்தினேன். ஹென்றின்னு பேரு. அதுல ஒரு தப்பு சொல்லுங்க பார்க்கலாம்."

யாரும் எழவில்லை.

ரஃபி அகமது வேகமாக வந்து அவர் தோளில் சால்வையைப் போர்த்தினார். "கோதண்டராமனப் பத்தி இதவிட நல்லா யாரும் பேச முடியாது சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. கிருபானந்தம் சால்வையோடு வெளியே வந்தார்.

எல்லோரும் பஸ்ஸுக்குக் கலைந்துவிட்டார்கள். வாசற்படியில் அவர் தனியாக நின்றபோது ஓர் ஆள் ஓட்டமும் நடையுமாக வந்தார். விரல் நகங்களில் தோல் சாயம்.

"ஜம்பு எழுதுனவருக்குக் கூட்டம்னு சொன்னாங்க சார். ஓவர்டைம் போட்டு பேஜார் பண்ணிட்டாங்க. ஆம்பூர்லேர்ந்து வர்றேன், பேரு கோவிந்தசாமி." சால்வையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நீங்கதானே சார் அது?"

கிருபானந்தம் வாயைத் திறந்தார்.

"எங்கப்பாவும் லாரி டிரைவருதான் சார். வீட்ல தங்கவே மாட்டாரு. ரோட்ல இன்னாதான் பண்றாருன்னு உங்க புக்கப் படிச்சுத்தான் எனக்குத் தெரியும்." சட்டைக்குள்ளிருந்து மடிந்து நைந்த ஓர் இதழை எடுத்து நீட்டினார். "ஒரு கையெழுத்து சார்."

கிருபானந்தம் இதழை வாங்கினார். அட்டையைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, இதழை முழங்காலில் வைத்து, பேனாவை எடுத்து, 'கோதண்டராமன்' என்று ஒரு பிழையுமில்லாமல் எழுதி, மை காயட்டும் என்று வாயால் ஊதினார்.