ஆட்டுக்கால் உறையவைத்த சனிக்கிழமை

"கால் – எட்டு. கடை பூட்ட முன்னம்."

எங்கள் வீட்டு நாட்காட்டியில், 2009 மே 23 சனிக்கிழமைக்கான கட்டத்துக்குள் அம்மா நீலப் பேனாவால் எழுதியிருப்பது இவ்வளவுதான். தமிழ்க் கடைகளில் புதுவருடத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் நாட்காட்டி அது. ராகு காலமும் கனடா விடுமுறைகளும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். அதே வாரத்துத் திங்கட்கிழமை, மே 18, சிவப்பு எழுத்தில் விக்டோரியா நாள் என்று அச்சாகியிருக்கிறது. போர் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த நாளும் அதுதான். அன்று ரொறன்ரோவில் மகாராணியின் பெயரால் வாணவேடிக்கை விட்டார்கள். அம்மா யன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினார். அந்தக் கட்டத்தில் அம்மாவின் கையெழுத்து எதுவும் இல்லை.

திகதி இல்லாத எதையும் நான் நம்புவதில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆகவே தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சனிக்கிழமையையும் அடுத்த நாளையும் பற்றி எழுத்தில் இருப்பது மேலே உள்ள ஒரு வரி மட்டுமே. மற்றதெல்லாம் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் நினைவு.

நாங்கள் அப்போது ரொறன்ரோவின் பார்க்டேலில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் இருந்தோம். அம்மாவுக்குப் போலந்துக்காரரின் இறைச்சிக் கடையொன்றின் பின்புறச் சமையலறையில் வேலை. அந்தக் கடையில் விலைபோகும் பண்டங்களில் ஒன்று, பன்றிக்காலை நாள் முழுக்க அவித்து, சாற்றோடு உறையவைத்து, துண்டு போட்டு விற்பது. வாங்க வருகிறவர்கள் அதைக் 'குளிர்ந்த கால்' என்று தங்கள் மொழியில் கேட்பார்களாம். அம்மா அங்கே சட்டி கழுவிக்கொண்டே அதன் செய்முறையைக் கண்ணால் பார்த்து எடுத்துவிட்டார்.

முதல் தடவை கடையிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்த அன்று அம்மா குளிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அப்பா அடுப்படியில் பெருமையோடு நின்றார்.

"இஞ்சாரும், குழம்பு உறைஞ்சுபோய்க் கிடந்தது. நான் சூடாக்கிப்போட்டன்."

அம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு வேலை நாள் முழுக்க உறைந்த பண்டம் கலங்கிய தண்ணீராகக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பாணோடு தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, நல்ல ரசம் என்றார். எங்கள் ஆட்கள் எவருக்கும் இறைச்சியைக் குளிரக் குளிரத் தின்னலாம் என்று தோன்றுவதில்லை. குளிர்ந்து கிடந்தால் அது பழசு. பழசென்றால் சூடாக்க வேண்டும். அப்பா செய்ததில் பிழை சொல்ல முடியாது.

பிறகு அம்மா அதை வீட்டில் ஆட்டுக்காலில் செய்யத் தொடங்கினார். உள்ளிப்பூண்டும் மிளகும் எங்கள் கணக்குக்குக் கூட்டி, தேசிக்காய்ப் புளியும் இடிச்ச செத்தல் மிளகாயும் பக்கத்தில் வைத்துப் பரிமாறுவார். அதில் மயங்கியவர்கள் நானும் அப்பாவும். சாப்பிடாமலே அதைப் பற்றி அதிகம் கதைத்தவர் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் இருந்தார். எனக்கு அவருடைய முகம் சரியாக நினைவில்லை. தொலைபேசிக் குரல்தான் மாமா. எடுத்ததும் அவருடைய முதல் கேள்வி, "அக்கா, இண்டைக்கு என்ன சமையல்?" என்பதுதான். சுகமா என்றுகூடப் பிறகுதான் கேட்பார். அம்மா இந்தப் பண்டத்தை விவரித்தபோது மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பு, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"இறைச்சியை ஐஸ்பெட்டிக்குள்ள வைச்சுத் தின்னவோ பிளேன் ஏறிப் போனனீ?"

"நீ வந்து ஒருக்காத் தின்னு பார். பிறகு கதை."

"சரி, எனக்கும் எடுத்து வை. வாறன்."

அது 2009 ஜனவரியின் கடைசி வாரம். அதன்பின் அழைப்பு வரவில்லை. பெப்ரவரியிலும் வரவில்லை. மார்ச்சில் அம்மா தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோகத் தொடங்கினார். ஏப்ரலில் அப்பா வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நகரின் நடுவே ஆர்ப்பாட்டங்களில் நின்றார். பாடசாலை விட்டதும் நானும் ஸ்ரீற்கார் ஏறிப் போய் அவரோடு நின்றிருக்கிறேன். குளிருக்கு யாரோ தந்த தேநீர்க் கோப்பையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு நின்றதுதான் நினைவில் இருக்கிறது.

மே 21, வியாழக்கிழமை பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். அம்மாவுக்கு மூத்தவர், மார்க்கம் நகரில் சொந்த வீடு. வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர், மாமா விழுந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னாராம். அவர் சொன்னதை இன்னொருவர் பெரியம்மாவின் மைத்துனருக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தார். அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமைத்த சாப்பாட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பெரியம்மா சொல்லியிருந்தார். இழவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. உறவினர்தான் உணவு கொண்டுவர வேண்டும். முப்பத்தோராம் நாள் வரை மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, வீட்டுக்குள் வரக் கூடாது. இந்தத் துடக்கு ஒழுங்கு எனக்கே தெரியும். தெரிந்திருந்தும் வெள்ளிக்கிழமை அம்மா நாட்காட்டியில் அந்த வரியை எழுதினார்.

"ஞாயிற்றுக்கிழமை சனம் வருகுதெல்லே?" என்றார் அப்பா, மெதுவாக.

"வரட்டும். சனம் வந்தால் சாப்பாடு குடுக்கவேணுமெல்லே?"

சனிக்கிழமை கடை பூட்டுவதற்கு முன் எட்டுக் கால்களும் வந்து சேர்ந்தன. அம்மா அவற்றை மஞ்சள் தண்ணீரில் ஊறவிட்டு, கத்தியின் முதுகால் சுரண்டி, ஒரு கொதி கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினார். பிறகு புதுத் தண்ணீர், தோலோடு வெங்காயம், மிளகு. நெருப்பை ஆகச் சிறிதாக்கிவிட்டு என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"கொதிக்க விடாதை. கொதிச்சால் கலங்கிப்போம். சும்மா முணுமுணுத்துக்கொண்டிருக்கவேணும். நுரையை மட்டும் எடு. கிண்டாதை."

வழக்கமாக அம்மா சமைக்கும்போது கதைத்துக்கொண்டே இருப்பார். கடை முதலாளியைப் போல நடந்து காட்டுவார். அன்று பேசவில்லை. சட்டி முணுமுணுத்தது. பின்னேரம் முழுக்க நான் நுரை எடுத்தேன். கால்கள் எலும்பைவிட்டுக் கழன்ற பிறகு, மேசையில் விளம்பரப் பத்திரிகைகளை விரித்து, இருவருமாகச் சூட்டோடு சூடாக எலும்பு பொறுக்கினோம். ஆட்டின் காலுக்குள் அத்தனை சிறிய எலும்புகள் இருக்குமென்று அதுவரை எனக்குத் தெரியாது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. துணியில் வடித்த சாற்றை, அடியில் நீலப் பூப் போட்ட கண்ணாடித் தட்டில் ஊற்றியது நான். உறைந்த பிறகும் பூ தெரிய வேண்டும். தெரிந்தால் அது சரியான பதம். காலையில் எழுந்ததும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பூ தெரிந்தது. அந்த வீட்டில் அந்த வாரம் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மதியத்துக்குச் சற்று முன் பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். அவர்களோடு சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர். நான் அங்கிள் என்று கூப்பிடுபவர். பெரியப்பாவின் இரு கைகளிலும் சட்டிகள்: சோறு, சாம்பார், பருப்பு. பெரியம்மா வெள்ளைச் சேலை உடுத்திருந்தார். கதவு திறந்ததும் அம்மாவைக் கட்டிப்பிடிக்கக் கைகளை நீட்டியவர், அப்படியே நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்னடி உது மணம்? இறைச்சியே காய்ச்சினனீ?"

"இறைச்சியில்லை அக்கா. கால்."

"கால் என்ன மரக்கறியோடி?"

பெரியப்பா சட்டிகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். அப்பா அவற்றை வாங்கி உள்ளே வைத்தார்.

"செய்தி வந்து மூண்டு நாள்தான்," என்றார் பெரியம்மா. "ஊரிலையெண்டால் இந்நேரம் வாசலிலை பந்தல் போட்டிருப்பாங்கள். நீ கால் அவிக்கிறாய்."

"ஆரோ ஆருக்கோ சொன்னதெல்லாம் செய்தியே?"

"கண்டவன் சொல்லுறான்."

"விழுந்ததைக் கண்டவன். எழும்பினதைக் காணுமட்டும் நிண்டவனே? ஓடியெல்லோ வந்தவன்."

பெரியம்மா சோபாவில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். "எனக்கும் அவன் தம்பிதானேடி. அவனுக்கு ஒரு துடக்குக் காக்கவும் ஆளில்லாமல் போச்சே."

"துடக்குக் காத்தால், அவன் செத்துப்போனான் எண்டு நானெல்லோ சொன்னதாய்ப் போம்," என்றார் அம்மா. "என்ரை வாயாலை நான் அதைச் சொல்லமாட்டன். சொல்லுறவை சொல்லட்டும்."

அம்மா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கண்ணாடித் தட்டை எடுத்தார். கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்து, ஓரம் விடுவித்து, பெரிய தட்டில் கவிழ்த்தார். அது ஒருமுறை நடுங்கி நின்றது. சதுரங்களாக வெட்டி, தேசிக்காய்த் துண்டோடு சாப்பாட்டுக் கோப்பைகளில் ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார். பெரியம்மாவுக்கும் வைத்தார்.

அங்கிள் தன் கோப்பையைப் பணிவோடு தள்ளி வைத்தார். "தங்கச்சி, குறை நினைக்காதை. எனக்குச் சீனி வருத்தம். புடிங் எல்லாம் தொடுறேல்லை."

"இனிப்பில்லை அண்ணை. உறைப்பு."

இனித் தப்ப வழியில்லை. அவர் ஒரு துண்டை வாய்க்குள் போட்டார். கண்களைப் பெரிதாக விரித்தார்.

"கடிக்க முன்னம் கரைஞ்சு போட்டுது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பாவின் வாயும் கோணியது. மனைவியைப் பார்த்துவிட்டு அதை அடக்கிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் ஒரு துண்டை எடுத்தார். அப்பா தலையை நிமிர்த்தாமல் வேகமாகச் சாப்பிட்டார். நான் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினேன். மேசையின் ஒரு பக்கத்தில் திறக்கப்படாத சாம்பார்ச் சட்டி. மறு பக்கத்தில் காலியாகிக்கொண்டிருந்த தட்டு. பெரியம்மா தன் துண்டைத் தொடவில்லை. அது அறைச் சூட்டில் ஓரங்களில் இளகத் தொடங்கியது.

எல்லோரும் கை கழுவிய பிறகு, பெரியம்மா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சண்டையின் மிச்சத்தை அங்கே போடப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். அம்மா அடுப்போரம் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோப்பையில் பெரியம்மா கொண்டுவந்த சோறும் சாம்பாரும். வேறொன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த பெரிய தட்டில் இன்னும் இரண்டு துண்டுகள் மிச்சம் இருந்தன.

பெரியம்மா அம்மாவின் கோப்பையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை.

"உப்புக் காணுமே?" என்று கேட்டார் பெரியம்மா. அது வேறு யாருடைய குரலோ போல் இருந்தது.

"காணும் அக்கா. அளவாய்த்தான் இருக்கு."

பெரியம்மா தன் துண்டைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, தங்கையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அம்மா சாப்பிட்டு முடியும்வரை நின்றார். துடக்கு என்ற சொல்லை அதன்பிறகு எங்கள் வீட்டில் அவர் எடுத்ததே இல்லை. தன் வீட்டில் அவர் முப்பத்தொன்று காத்தார். இப்போதும் மே பதினெட்டை வைத்து மாமாவுக்குத் திவசம் கொடுக்கிறார். நாங்கள் கொடுப்பதில்லை. எங்களிடம் திகதி இல்லை.

அக்காவின் மனம் நோகக் கூடாதென்றுதான் அம்மா அந்தச் சாம்பாரைச் சாப்பிடுகிறார் என்று அன்று நினைத்தேன். அவ்வளவு சண்டைக்குப் பிறகும் அம்மா எவ்வளவு நல்லவர் என்றும் நினைத்தேன். முதல் நாள் பின்னேரம் முழுக்க அடுப்படியில் நின்றவர் ஒருமுறையும் சாற்றை நாக்கில் விட்டுப் பார்க்கவில்லை, உப்புப் பார்த்ததெல்லாம் நான்தான் என்பது பல வருடங்களுக்குப் பிறகே எனக்கு உறைத்தது.

அம்மா இன்றும் எங்களுக்காக மச்சம் சமைக்கிறார், தான் தொடுவதில்லை. எப்போதிருந்து என்று அப்பாவைக் கேட்டேன். ஆர்ப்பாட்டத்தில் நின்ற நாள்களில் வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார். அம்மாவிடமே கேட்டேன். "எனக்கு உது ஒத்துக்கொள்ளுறேல்லை பிள்ளை," என்றார். எந்த நாளிலிருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விடாமல் கேட்டேன். "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு திகதி வேணும்," என்று எழுந்து போய்விட்டார்.

2009 மார்ச் 14, என் பிறந்தநாள் படமொன்றில் அம்மாவின் கையில் பாதி கடித்த கோழிக்கால் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே அந்த நாளுக்கும் மே 23க்கும் இடையில் எப்போதோ நிறுத்தியிருக்கிறார். அது பெரியம்மாவின் தொலைபேசி வந்த வியாழக்கிழமைக்கு முன்னரா பின்னரா, நேர்த்தியா துடக்கா என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.