அப்பாவை உயிர்ப்பித்த புரோகிராம்

சுவிஸில், ஓர்லிகோன் உணவகமொன்றில் கோப்பை கழுவும் நான்தான் எங்கள் அம்மன் கோயில் கணினியையும் பார்க்கிறேன். அப்பா இறந்ததை அதிலுள்ள தொண்டர் பட்டியலில் நானே பதிந்தேன். விடிந்தால் மறுபடி உயிரோடு இருப்பார். கோயில் சமையலுக்கு மரக்கறி வெட்ட வரும்படி அவரை அழைத்து அம்மாவின் போனுக்குச் செய்தி வரும். அம்மா அழுவார்.

"அம்மாளின்ரை செயல் தம்பி," என்றார் கோயில் தலைவர்.

அம்மாளைப் பிடிக்க டேட்டாபேஸில் ட்ரிகர் வைத்தேன். அப்பாவின் பதிவை எந்தப் புரோகிராம் மாற்றினாலும் அதன் பெயரைக் குறித்துவைக்கும். மறுநாளே அகப்பட்டது: சமையல் வேலைக்கு ஆட்களை முறைவைத்து அழைக்க, தலைவரின் மகன் எழுதிய புரோகிராம். தினமும் பழைய பட்டியலைப் புதியதன்மேல் எழுதியது.

"அண்ணை, இதை நிப்பாட்டுறன்," என்றேன் தலைவரிடம்.

"நிப்பாட்டினா திருவிழாவுக்கு ஆர் வெட்டுறது?"

"செத்த ஆக்களை விட்டிட்டு நீங்கள் ஒருக்கா கத்தியைப் பிடியுங்கோவன்."

நிறுத்தினேன். அடுத்த நாள் செய்தி வரவில்லை. அம்மா அதற்கும் அழுதார்.