இருளம்மாள் சாகவில்லை

பத்திரிகையில் செத்துப்போன ஒருத்தி, தானே நடந்து வந்து முகம்மது நூகுவின் கடை முன்னால் நின்றாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு, கடைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். சிவகாசி பஸ் நிலையத்துக்கு எதிரே பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த நூகு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனைக்குட்டம் இருளம்மா நான்தான். நான் செத்துட்டேன்னு எழுதினீகளாமே பாய்?"

ஆமாம், அவர்தான் எழுதினார். அந்த ஊரில் நடக்கிற எதையும் பத்திரிகைக்கு எழுத அவரை விட்டால் ஆளில்லை.

நூகு விருதுநகர் வத்தல் மண்டிக் குடும்பத்துப் பிள்ளை. தராசு பிடிக்க வேண்டிய கை பேனா பிடித்தால் உருப்படாது என்றார் அவருடைய அத்தா. அப்படியானால் உருப்படாமலே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் சிவகாசிக்கு வந்து ஒரு மதுரைப் பத்திரிகைக்கு ஏஜெண்டானார். அந்தக் காலத்தில் ஏஜெண்டுதான் நிருபர், விளம்பரம் பிடிக்கிறவரும் அவரே. காலையில் பேப்பர் விற்று, பகலெல்லாம் செய்திக்கு அலைந்து, சாயங்கால பஸ்ஸில் கவரைக் கொடுத்தனுப்ப வேண்டும். எழுதினவன் பேர்கூட வராது; எல்லாம் 'நமது நிருபர்'தான். ஆனாலும் மனிதர் யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. ரேஷன் அரிசியில் கல் கிடந்ததை எழுதி ஒரு பெரிய மனிதரிடம் வண்டி வண்டியாக வசவு வாங்கினார். மறுநாள் அந்த வசவையும் எழுதி அனுப்பினார்.

அப்பேர்ப்பட்டவர் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

அந்த வருஷம் புரட்டாசியில், தீபாவளி சீசன் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து அறை வெடித்தது. நூகு சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார். மேனேஜர் லட்சுமிகாந்தம் செத்தவர்களின் பேரைச் சொன்னார். அதை அப்படியே தந்தியில் மதுரைக்கு அனுப்பினார் நூகு. அதில் ஒரு பேர் இருளம்மாள்.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அவள் பேரில் இன்னொருத்தி வேலைக்குப் போவாள். வாசலில் போர்மேன் பேரைக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று குரல் வந்தால் போதும், முகத்தைப் பார்க்கமாட்டார். பார்த்தால் வம்பு. பதினாலு வயதுக்குக் கீழே ஆள் வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே! வானம் பொய்த்து வேலைக்கு வந்த சனங்களுக்கும் அது தப்பாகப் படவில்லை. வராதவள் பேரை அடித்துவிடுவார்கள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அன்றைக்கு இருளம்மாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அவள் பேருக்கு 'இருக்கேன்' என்று சொல்லி உள்ளே போனது அவள் மகள் முத்துப்பேச்சி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

இந்த வழக்கம் நூகுவுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், செத்தது யார் என்று வீடு தேடிப் போய் அவர் கேட்கவில்லை. இருளம்மாள் சொல்லச் சொல்ல அவருக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

அவள் புருஷன் இல்லாதவள். அவள் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் கொழுந்தன் சோலைச்சாமி போய், கருகிக் கிடந்த உடம்பை 'இது எங்க மதினி' என்று காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். கம்பெனி அவனுக்கு நஷ்டஈடு தரும். இருளம்மாள் மல்லாங்கிணற்றில் தன் அண்ணன் வீட்டோடு போய் ஒடுங்கிவிட வேண்டும், இந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது. இதுதான் ஏற்பாடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு பிள்ளையையே மறைத்தார்கள்.

"எம்பிள்ள செத்ததை யாரும் ஒரு வார்த்தை சொல்லல பாய். அவ பேர எழுதுங்க," என்றாள் இருளம்மாள்.

நூகு அன்றைக்கே திருத்தம் எழுதி பஸ்ஸில் அனுப்பினார். அது வரவில்லை. மறுபடியும் அனுப்பினார், அதுவும் வரவில்லை. டிரங்க் கால் போட்டு மதுரையில் செய்தி ஆசிரியரைப் பிடித்தார். தீபாவளிக்கு முழுப்பக்க விளம்பரம் தருகிற கம்பெனி என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. கேட்டது இதுதான்:

"செத்தவங்க எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு? அப்புறம் என்னங்க திருத்தம்?"

நூகு ரிசீவரை வைத்த வேகத்தில் தபால் ஆபீசே திரும்பிப் பார்த்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி சாலிஹா தட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செய்தியாகத்தானே போடமாட்டார்கள், மரண விளம்பரமாக அனுப்பினால் என்ன என்று கேட்டாள். அதை அங்கே யார் வாசிக்கப்போகிறார்கள்?

கெட்டிக்காரி. விளம்பரப் பிரிவில் ஸ்கேல் வைத்து நீளத்தைத்தான் பார்ப்பார்கள். நூகு மறுநாள் இருளம்மாளைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். நஷ்டஈடு நின்றுபோகும், எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்காது, கொழுந்தன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வருவான் என்று எதையும் மறைக்காமல் சொன்னார்.

"செத்தவளுக்கு என்ன பாய் பயம்," என்றாள் அவள்.

அந்த வார்த்தைக்காகவே ஒரு பத்திரிகை நடத்தலாம் என்று நூகுவுக்குத் தோன்றியது. உட்கார்ந்து எழுதினார்.

'ஆனைக்குட்டம் இருளம்மாள் மகள் முத்துப்பேச்சி, வயது பன்னிரண்டு, பட்டாசுக் கம்பெனித் தீயில் மாண்டாள். தாய் காய்ச்சலில் கிடந்ததால் தாய் பேரில் வேலைக்குப் போனவள். தாய் சாகவில்லை. இப்படிக்கு, பெற்றவள் இருளம்மாள்.'

கறுப்புக் கட்டம் போட்டு, ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது.

அன்றைக்கு பஸ் நிலையத்தில் பேப்பர் நிற்கவில்லை. படிக்கத் தெரிந்தவனைச் சுற்றித் தெரியாதவர்கள் கூடினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெயில் ஏறுவதற்குள் மதுரையிலிருந்து தபால் ஆபீசுக்குப் போன் வந்தது. அந்த நிமிஷத்தோடு நிருபர் வேலை போயிற்று. ஏஜென்சி மாதக் கடைசிவரைதான். நூகு சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பினார். பின்னாளில் வேறொரு பத்திரிகை அவரைத் தேடி வந்து எடுத்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு அவருக்கு அது தெரியாது.

கடை வாசலில் கம்பெனி ஜீப் நின்றது. லட்சுமிகாந்தம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். நாளைக்கே ஒரு மறுப்பு விளம்பரம் வந்தாக வேண்டும், எத்தனை பெரிதாக இருந்தாலும் சரி என்றார். அப்படி ஒரு பிள்ளை எங்கள் கம்பெனியில் வேலை பார்த்ததே இல்லை என்று போட வேண்டும்.

நூகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"தாராளமாப் போடலாம் சார், நீகளே எழுதுங்க. ஆனா எந்தப் பிள்ளை இல்லேன்னு சொல்லணும்ல? முதல்ல முத்துப்பேச்சின்னு எழுதுங்க."

லட்சுமிகாந்தம் பேனாவை வாங்கினார். முனையைத் தாளில் வைத்து எடுத்தார். பிறகு மூடிகூடப் போடாமல் அதைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மறுப்பு வரவில்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்தான் வந்தார். கம்பெனி வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, முத்துப்பேச்சி யார் என்பது. பதில் சொல்ல இருளம்மாள் அங்கே உயிரோடு நின்றிருந்தாள்.