வரிசையில் என் செங்கல்

அம்பத்தூரில் செங்கல்லும் ஓர் ஆள்தான். தண்ணீர் லாரி வரும் தெருமுனையில் விடியுமுன்னே குடங்கள் வரிசை கட்டிவிடும். நடுநடுவே ஒரு செங்கல், ஓர் ஓட்டை வாளி, சில நாள் ஒற்றைச் செருப்பு. சொந்தக்காரர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவருடைய கல்லை அக்கம்பக்கத்தார் காலால் தள்ளித் தள்ளி முன்னேற்றுவார்கள். அதைத் தாண்டி எவனாவது முந்தினால் தெருவே சண்டைக்கு வரும். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு இதை நம்பவே சில வாரம் பிடித்தது.

ஊரில் என் எழுத்துக்குப் பெரிய ஏற்பாடு உண்டு. விடியற்புறம் எழும்பிக் கிணற்றடியில் முகம் கழுவி, பால் விடாத தேத்தண்ணியோடு மேசையில் உட்காருவேன். மைப்பேனா வேண்டும், கோடில்லாத தாள் வேண்டும், வீட்டில் யாரும் தும்மக் கூடாது. இத்தனைக்கும் பிறகு எப்போதாவது ஒரு கதை வரும். அதைப் படிப்பவர்கள் என் உறவினர்கள். ஆனாலும் நான் பெரிய எழுத்தாளன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அம்பத்தூரில் விடியற்காலை லாரிக்குச் சொந்தம். முதலில் மனைவிதான் வரிசையில் நின்றாள். நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததிலிருந்து ஒரு கதைகூட முடியவில்லை. வெளியே தெருச் சத்தத்தைக் குறை சொன்னாலும், இனி எனக்கு எழுதவே வராதோ என்று உள்ளூரப் பயந்துகிடந்தேன். பிறகு மனைவிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் கம்பெனி ஒன்றில் காலை ஷிப்ட் கிடைத்தது.

"எழுத்தைப் பேந்து பாக்கலாம். தண்ணி இல்லாட்டி உங்கட தேத்தண்ணியும் இல்லை" என்று குடத்தைக் கையில் தந்துவிட்டுப் போனாள்.

வேறு வழியில்லாமல், வரிசைக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த கடைப்படியில் உட்கார்ந்து, அட்டையில் தாளைச் செருகி எழுதத் தொடங்கினேன். ஆச்சரியம், வந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிய கதை. எதிர்வீட்டுக் கன்னியம்மா எட்டிப்பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, டெய்லி எழுதிகினே கீறே?"

"எங்கட கிணற்றைப் பற்றி."

"கெணறு ஊர்ல கீது. லாரிதான இங்க வருது? லாரிய எழுதேன்."

இலக்கியம் தெரியாத பிறவி என்று இரக்கத்தோடு சிரித்தேன்.

கதை முடிந்த காலையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது. குடத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் கல்லும் இல்லை. எதை வைத்தாலும் இடம்தானே என்று, கதையோடு அட்டையை வரிசையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்புவதற்குள் லாரி வந்துவிட்டது. தெரு என் கதைக்குச் செங்கல்லின் மரியாதையைக் குறைவில்லாமல் செய்திருந்தது. காலால் தள்ளித் தள்ளி, சேற்றிலும் சிந்திய தண்ணீரிலும் நகர்த்தி, லாரிக் குழாயடிக்கே கொண்டு சேர்த்திருந்தார்கள். தாளெல்லாம் ஒரே நீலம். ஓர் எழுத்து மிஞ்சவில்லை.

"உன் எடத்த ஒருத்தனும் தொடல. காயிதத்த வச்சிட்டுப் பூட்டியே, அதுலயா தண்ணி புடிப்பே?" என்றாள் கன்னியம்மா. தன் குடம் ஒன்றில் எனக்கும் பிடித்து வைத்திருந்தாள். நான் கடைப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாத அண்ணாத்தே. அதான் தண்ணி கீதே" என்று தேற்றினாள்.

மறுநாள் பால்பாயிண்ட் பேனா வாங்கினேன். அதே படியில் மறுபடி எழுதினேன். கிணற்றை எழுத உட்கார்ந்தால் தாளில் லாரி வந்து நின்றது. விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. அந்தக் கதை ஒரு பத்திரிகையில் வந்தபோது கன்னியம்மா கேட்டது ஒன்றுதான்.

"என் கொடம் வருதா அதுல?"

வந்திருந்தது.

போன மாதம் போர் சற்று ஓய்ந்ததால் ஊருக்குப் போனேன். புறப்பட்ட காலையில் கன்னியம்மா எனக்காக ஒரு செங்கல்லை வரிசையில் வைத்து, "நீ பூட்டு வா. உன் கல்ல நான் தள்ளிக்கறேன்" என்றாள்.

வீடு இருந்தது, மேசை இல்லை. விடியற்புறம் வாளியும் தாளுமாகக் கிணற்றடிக்குப் போனேன். தும்ம ஆளில்லை, அயல் வீடுகளெல்லாம் பூட்டிக்கிடந்தன. வாழ்நாள் முழுவதும் நான் வேண்டிய அமைதி அதுதான். ஒரு வரியும் வரவில்லை. வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு அதன் பின்னால் நின்றேன். முறை வருவதற்காகக் காத்துநிற்கிறேன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. எனக்கு முன்னால் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை.

அந்நேரம் அம்பத்தூரில் லாரி வந்திருக்கும். என் செங்கல்லை யாராவது முன்னால் தள்ளியிருப்பார்கள்.