ஏழாவது டேக்கில் சாத்திய கதவு

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. குளிர் பதினான்கு டிகிரி. மேகம் தெருவுக்குள் இறங்கி எதிர்வீட்டுத் தகரக் கூரை தெரியவில்லை. தூறல் விட்டு விட்டு விழுந்தது. அந்த நேரத்தில் மலைமேல் நாயுடுபுரத்தில் என் வீட்டு வாசலில் தண்ணீர் லாரியை நிறுத்தி, குழாய் பிடித்து மழை பெய்வித்துக்கொண்டிருந்தார்கள். நிஜத் தூறல் கேமராவில் தெரியாதாம். வானத்திலிருந்து சும்மா விழுவதை விட்டுவிட்டு லாரித் தண்ணீரை என் ரோஜாத் தொட்டிகள் மேல் ஊற்றினார்கள். தொட்டிகள் இருபத்திரண்டு. இரண்டு சாய்ந்துவிட்டன.

சினிமாக்காரர்களை அழைத்து வந்தவர் தெருமுனை மளிகைக் கடை பாய். பழைய மரக்கதவு உள்ள வீடு வேண்டும் என்று கேட்டார்களாம். வந்த இடத்தில் என்னையும் என் மனைவியையும் பார்த்த இயக்குநர், “சார், வயசான ஜோடி ஒண்ணு வேணும். நீங்களே நின்னுடுங்களேன்” என்றார். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு.

காட்சி இதுதான். வீட்டை விட்டு வந்த ஒரு பெண் கொட்டும் மழையில் கதவைத் தட்டுவாள். நான் திறப்பேன், பார்ப்பேன், ஒன்றும் பேசாமல் சாத்துவேன். என் மனைவி பின்னால் நிற்பாள், அவ்வளவுதான்.

முதல் டேக்கில் நான் கதவைத் திறந்ததுமே என் மனைவி முன்னால் வந்து, “உள்ள வாம்மா, நனையாத” என்றாள்.

“கட்! அம்மா, நீங்க பேசக் கூடாது.”

இரண்டாவதில் பேசவில்லை, கையை நீட்டிவிட்டாள். மூன்றாவதில் அந்தப் பெண்ணின் பல் தந்தியடிப்பதைப் பார்த்து நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள், காபி போட. நடிப்புக்கு நடுங்கவில்லை அந்தப் பெண். லாரித் தண்ணீர் அப்படிக் குளிர்ந்தது. நான்காவதில் நான் சாத்திய கதவை இவள் திறந்தாள். ஐந்து, ஆறு என்று வாயில் சொல்லிக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு டேக்குக்கும் என் தரையில் ஒரு வாளித் தண்ணீராவது ஏறியிருக்கும்.

இயக்குநர் பொறுமைசாலி. என் மனைவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: “இது நல்லது சொல்ற படம்தாம்மா. நீங்க சாத்தினாத்தான் பாக்குறவங்க திறப்பாங்க.”

“பாக்குறவங்க தொறக்குறதுக்குள்ள இந்தப் பிள்ளைக்குச் சளி பிடிச்சுப் போகும் தம்பி” என்றாள் இவள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நனைந்து நின்ற பெண்தான் அதிகமாகச் சிரித்தாள்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இவள் கையில் ஒரு துண்டு வைத்துக்கொண்டு பின்னால் நிற்கலாம், அடி எடுத்து வைக்கக் கூடாது. ஏழாவது டேக். கதவைத் திறந்தேன், பார்த்தேன், சாத்தினேன். வெளியே கைதட்டல் கேட்டது.

“சார், அவ முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி காலைப் பாத்தீங்களே, அதுதான் சார்! நான் சொல்லவே இல்லையே, எப்படித் தோணிச்சு?” என்று இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாயிடம் இரண்டு முறை சொன்னேன்.

மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “என் தம்பி காலையும் இப்படித்தான் பாத்தீங்க.”

தம்பி எப்போதோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்; அதற்கு முன் அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒன்பது வருடம். அவள் பிறந்த ஊர் அய்யம்பாளையம், மலைக்குக் கீழே. தம்பி அங்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். ஒரு ஐப்பசி மாதம், அடை மழை, மாலை ஐந்தேகால். இவள் கடைக்குப் போயிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். தோளில் மூட்டையோடு தம்பி நின்றான். காலில் முழங்கால்வரை சேறு. வீட்டில் புது டைல்ஸ் போட்டு மூன்றாம் நாள். “அக்கா இப்ப வந்துரும் மாப்ளே, அங்கனயே நில்லு” என்று சொல்லிவிட்டு, குளிர் உள்ளே வருகிறதென்று கதவைச் சாத்தினேன். இருபது நிமிடம் கழித்து இவள் வந்தபோது படியில் மூட்டை மட்டும் கிடந்தது. உள்ளே பதினைந்து தேங்காய். அன்றிலிருந்து அவன் இந்த வீட்டுக்கு வரவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று வெளியிடங்களில் பார்ப்பான், “நல்லா இருக்கீங்களா மச்சான்” என்பான், அத்தோடு சரி.

“அது வேற, இது நடிப்பு” என்றேன்.

“சரிங்க” என்றாள். மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

எனக்குப் படம் பார்ப்பதில் குறை கிடையாது. நல்ல கருத்துள்ள படம் என்றால் விடமாட்டேன். நேர்மையான வாத்தியார், லஞ்சம் வாங்காத குமாஸ்தா, வழியில் கிடந்த பிள்ளையை எடுத்து வளர்ப்பவன், எல்லாருக்காகவும் கண்ணைத் துடைத்திருக்கிறேன். ஒரு படத்தில் நான்கு தடவை துடைத்ததை எண்ணியே இருக்கிறேன். இத்தனை வருடத்தில் எந்தப் படத்திலும் கதவைச் சாத்துகிறவன் பக்கம் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவன் யாரோ ஒரு ஆள், ஒரு நிமிடம் வந்து போகிறவன்.

படம் வெளிவரப் பதினான்கு மாதம் ஆனது. டவுன் தியேட்டரில் ஓடவில்லை; நேரே டிவிக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலேயே பார்த்தோம். இரண்டு மணி இருபத்தொரு நிமிடப் படத்தில் எங்கள் கதவு வருவது ஒன்பது விநாடி. நான் எதிர்பார்த்தது என் முகம். திரையில் முதலில் தெரிந்தது என் கண், அது கீழே போவது. அந்தப் பெண்ணின் பாதம். பிறகு என் இடது கை கதவுக்குப் போகிறது. பின்னால் இவள் துண்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். துண்டைக் கதவு மறைக்கிறது.

யார் பார்த்தாலும் அவன் நடிக்கிறான் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். இவள் படத்தைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆறு பத்து பஸ். இவளிடம் வங்கிக்குப் போகிறேன் என்று சொன்னேன், எந்த வங்கி ஆறு மணிக்குத் திறக்கும் என்று அவள் கேட்கவில்லை. வத்தலக்குண்டில் இறங்கி அய்யம்பாளையம் டவுன் பஸ் பிடித்தேன். தோப்பில் காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தம்பி கையிலிருந்ததைக் கீழே போட்டான்.

“என்ன மச்சான், சொல்லாம கொள்ளாம? அக்கா நல்லா இருக்குல்ல?”

“நல்லா இருக்கா. நான் நடிச்ச படம் பாத்தியா?”

“பாத்தோம். ஊரே பாத்துச்சு. நல்லாத்தான் சாத்துனீங்க” என்று சிரித்தான். “நடிச்ச மாதிரியே இல்லைனு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.”

பஸ்ஸில் மூன்று மணி நேரம் தயார் செய்திருந்த பேச்சு எனக்கு மறந்துவிட்டது. “அன்னைக்குச் சாத்துனது தப்பு மாப்ளே. இன்னைக்கு வீட்டுக்கு வா” என்றேன்.

அவன் மரத்து உச்சியைப் பார்த்தான். “சோலி கெடக்கு மச்சான். இன்னும் நாப்பது மரம் இருக்கு.”

“முப்பத்தெட்டு. எண்ணிட்டேன். நாளைக்கு வெட்டிக்கலாம்.”

சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டக் கிளம்பினான். மூட்டை கட்ட வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் என்னைச் சீட்டு எடுக்க விடவில்லை. மலை பஸ்ஸில் நான் அவனை விடவில்லை.

நாயுடுபுரத்தில் இறங்கியபோது மழை. எங்கள் தெரு பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிக் கிடந்தது. நான்கு படி ஏறியதும் அவன் நின்றுவிட்டான். என் வாசலில் கால்மிதி மூன்று போட்டிருக்கிறேன். அவன் மூன்றையும் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், குழாய் எங்கே என்று தேடினான்.

“உள்ள வா மாப்ளே, குளிருது” என்றேன்.

என் மனைவி துண்டோடு வந்தாள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. தம்பியின் தலையில் துண்டைப் போட்டுவிட்டு, “கட் சொல்ல இங்க ஆள் இல்ல, வெரசா வாங்க ரெண்டு பேரும்” என்றாள்.

வாசலிலிருந்து அடுப்படிவரை பதினொரு பாதம் பதிந்திருந்தது. மறுநாள் மத்தியானம்வரை நான் துடைக்கவில்லை; ஆனால் அதைச் சுற்றித்தான் நடந்தேன்.

போகும்போது பஸ்ஸுக்கு எனக்கு எண்பத்தொன்று, வரும்போது மலை பஸ்ஸில் இரண்டு பேருக்கு நூற்று முப்பத்தாறு, தேங்காய் மூட்டைக்கு லக்கேஜ் இருபது, வத்தலக்குண்டில் இரண்டு டீ இருபத்து நான்கு. ஆக மொத்தம் இருநூற்று அறுபத்தொரு ரூபாய்.