அங்க அடையாளம்

இன்று பாஸ்போர்ட் ஆபீசுக்கு அம்மாவோடு போனேன். அடுத்த வாரம் பினாங்கில் கப்பல் ஏறி லண்டனுக்குப் படிக்கப் போக வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை.

"அங்க அடையாளம் ஏதும் இருக்கா?" என்றார் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஆபீஸ் கிராணி.

அம்மா முந்திக்கொண்டாள். "ஒன்னும் இல்ல தம்பி. எம்பொண்ணு உடம்புல ஒரு குறையும் கிடையாது."

பெண் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிப் பழகிய பதில்!

கிராணி என் கழுத்திலிருந்த தீக்காயத் தழும்பைப் பார்த்தார். "அப்ப இது என்னம்மா? எழுதினதும் ஆளும் ஒத்துவரலன்னா அங்க இறங்க விடமாட்டாங்க."

நான் அம்மாவின் முழங்கையை இடித்தேன்.

"சரி, எழுதிக்குங்க தம்பி" என்றாள் அம்மா. பிறகு மெல்ல, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் இதைப் பார்க்க மாட்டாங்கல்ல?"

எனக்குப் பாஸ்போர்ட் வருமா என்ற பயம். அம்மாவுக்கு, வந்தபின் வரன் வருமா என்ற பயம். உங்கள் வீட்டில் எந்தப் பயம் பெரிது?